நாலாவது எபிசோடும் ஒரு பக்க அக்ரிமெண்ட்டும்

கேள்வி: மேடம், எனக்கு 24 வயது. ஊர் திண்டுக்கல் பக்கம். நடிப்புக்காகச் சென்னை வந்தேன். மேடை நாடகம், சில குறும்படங்கள், ஒரு சீரியலில் ஹீரோவின் தங்கச்சி வேடம், இவ்வளவுதான் இதுவரை. இப்போது ஒரு வெப் சீரிஸில் முக்கியமான வேடம் வந்திருக்கிறது. கதை நிஜமாகவே நன்றாக இருக்கிறது. நாலாவது எபிசோடில் புருஷன் பெண்டாட்டி படுக்கையறைக் காட்சி ஒன்று உண்டு. முதுகு தெரியும், "அதுக்கு மேல ஸ்பாட்ல எப்படி வருதோ அப்படிப் பார்த்துக்கலாம்" என்கிறார் டைரக்டர். அடுத்த வாரம் லுக் டெஸ்ட். அதிலேயே அந்தக் காட்சியையும் ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அக்ரிமெண்ட் ஒரே பக்கம். "கதைக்குத் தேவையான அனைத்துக் காட்சிகளிலும் நடிக்கச் சம்மதிக்கிறேன்" என்று போட்டிருக்கிறது. எந்த ஓடிடி என்று இன்னும் முடிவாகவில்லை. "இதை விட்டா அடுத்தது வராது" என்கிறார் மேனேஜர். என்னோடு சீரியலில் நடித்த அக்கா, "இதைப் பண்ணினா அடுத்து இது மட்டும்தான் வரும்" என்கிறார். அம்மாவுக்குப் பாதி தெரியும். அண்ணனுக்குத் தெரியாது. நடித்தால் என் கேரியர் என்ன ஆகும்?

பதில்:

தங்கைக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். லுக் டெஸ்டுக்குப் போங்கள். அந்தக் காட்சியை மட்டும் அங்கே எடுக்க விடாதீர்கள். அந்த ஒரு பக்கக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வேடத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. கதை நன்றாக இருக்கிறது என்று ஒரு நாடகக்காரி சொன்னால் நான் நம்புவேன்.

லுக் டெஸ்ட் என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். சேலை எந்த நிறம், பொட்டு எந்த அளவு, அந்த லைட்டில் தோல் எப்படித் தெரிகிறது, கணவனாக நடிப்பவர் பக்கத்தில் நின்றால் உயரம் ஒத்துவருகிறதா என்று பார்ப்பதற்கானது. இதில் யாரும் உடையைக் கழற்ற வேண்டிய அவசியம் எங்கேயும் இல்லை. அக்ரிமெண்ட் ஆகாத நிலையில் எடுக்கிற அந்த ஃபுட்டேஜ் எந்தப் படத்தையும் சேர்ந்ததாக இருக்காது. யாரோ ஒருவரின் ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபோல்டராகக் கிடக்கும். சீரிஸ் நின்றுபோனாலும் அந்த ஃபோல்டர் நிற்காது.

நடந்த கதை இது. வங்காளப் படங்களில் பெயர் வாங்கிய ஒரு நடிகையை வெப் சீரிஸுக்கு என்று சொல்லி அழைத்து, சீரிஸ் தொடங்கும் முன்பே டெமோ வீடியோ என்று சில நிர்வாணக் காட்சிகளை எடுத்தார்கள். சீரிஸ் வரவே இல்லை. 2020 டிசம்பரில் பார்த்தால் அந்த டெமோவைத் தயாரிப்பாளரே யூடியூபில் போட்டிருக்கிறார். நடிகை கேட்டதும் அவர் எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் இறக்கி வைத்துக்கொண்டவர்கள் தங்கள் சேனல்களில் ஏற்றிவிட்டார்கள், சிலர் மேலே பாட்டு வேறு போட்டு. அவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021 ஆகஸ்டில் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, தன்னைப் பற்றியதை மறக்கச் செய்யும் உரிமை அவருக்கு உண்டு என்று ஏற்று, அந்த வீடியோக்களை நீக்க இடைக்கால உத்தரவு போட்டது. வழக்கில் அவர் பெயர் 'எக்ஸ்' என்றுதான் இருக்கிறது. நல்ல உத்தரவு. ஆனால் வெளிவராத ஒரு சீரிஸுக்காக ஒரு நடிகை வழக்குத் தொடுத்து, தன் பெயரை மறைத்துக்கொண்டு, தன் உடம்பைத் தேடிப்பிடித்து நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டி வந்தது. உங்களிடம் கேட்பதும் ஏறத்தாழ அதே டெமோதான்.

இனி உங்கள் கேள்வி. மேனேஜர் சொல்வதும் அந்த அக்கா சொல்வதும் பாதிப் பாதி சரி.

அக்கா சொல்வதற்குக் கோடம்பாக்கத்தில் பெரிய சாட்சி சில்க் ஸ்மிதா. விஜயலட்சுமியாக ஏலூர் பக்கத்திலிருந்து வந்தவர். 1980-இல் வண்டிச்சக்கரத்தில் சாராயக்கடைப் பெண் வேடம், அந்தப் பாத்திரத்தின் பெயர்தான் சில்க். அந்தப் பெயர் கடைசிவரை அவரை விடவில்லை. மறு வருஷமே அலைகள் ஓய்வதில்லையில் கதாநாயகிக்கு அண்ணியாக, தியாகராஜனின் மனைவியாக, குடும்பப் பெண்ணாக வந்தார். இப்போது போட்டுப் பாருங்கள். அந்தக் கண்களை வைத்துக்கொண்டு என்ன அடக்கமாக நடித்திருக்கிறார்! படம் ஓடியது, நடிப்பையும் பாராட்டினார்கள். அடுத்து வந்த அழைப்பெல்லாம் பாட்டுக்குத்தான். விற்காமல் பெட்டிக்குள் கிடந்த படங்களுக்கு அவர் பாட்டு ஒன்றைச் சேர்த்து விநியோகஸ்தர்களிடம் தள்ளிவிட்டார்கள் என்று அந்தக் கால ஆட்கள் இன்றும் சொல்வார்கள். ஒரு பாட்டுக்கு இரண்டு மூன்று நாள் கால்ஷீட், கையில் காசு. இரண்டு மாதம் கேட்கிற குணச்சித்திர வேடத்துக்கு அந்தக் காசை யாரும் தரவில்லை. 1996 செப்டம்பரில் அவர் இறந்தபோது வயது 35.

அவர் கதையைச் சொல்கிறவர்கள் 'கவர்ச்சி காட்டினார், அழிந்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த வரி மேல் எப்போதுமே கோபம். அவரைத் திரும்பத் திரும்ப அதே வேலைக்கு அழைத்தது அவருடைய ஒழுக்கத்தை அளந்து எடுத்த முடிவு கிடையாது. போன தடவை எது விற்றதோ அதையே வாங்குகிற வியாபாரப் பழக்கம். போலீஸ் வேடம் ஓடினால் ஹீரோவுக்கு மூன்று வருஷம் போலீஸ் கதையாக வரும். அவர் அதிலிருந்து வெளியே வந்துவிடுவார். அவருக்காகக் காத்திருக்கத் தயாரிப்பாளர் இருப்பார். ஹீரோயினுக்குக் காத்திருக்க யாரும் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

அதனால் ஒரு காட்சி கேரியரை என்ன செய்யும் என்று பார்க்க, அந்தக் காட்சியை மட்டும் பார்த்துப் பயனில்லை. அது வெளிவருகிற நேரத்தில் உங்கள் கையில் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அமலா பாலை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் சிந்து சமவெளி வந்தது. மாமனார் மருமகள் உறவு பற்றிய கதை, படத்தையும் அவரையும் சேர்த்துத் திட்டினார்கள். அதோடு நின்றிருந்தால் உங்கள் அக்கா சொன்னது அப்படியே நடந்திருக்கும். அதே வருஷம் சில மாதத்திலேயே மைனா வந்தது. ஊரே அவரை மைனாவாகப் பார்த்தது, முந்தினது மறந்தே போனது. அடுத்த வருஷம் தெய்வத்திருமகள். ஒன்பது வருஷம் கழித்து 2019-இல் ஆடை. உடையில்லாத காட்சிகள், 'ஏ' சான்றிதழ், போஸ்டரிலேயே சர்ச்சை. ஆனால் அப்போது அவர் பெயரைச் சொல்லித்தான் படமே விற்றது. அந்தக் காட்சிகளை எடுத்தபோது செட்டில் பதினைந்து பேர்தான் இருந்தார்கள், செல்போன்களை வாங்கி வைத்துவிட்டார்கள் என்று அவரே சொன்னார். புதுமுகமாக இருந்தால் அப்படி ஒரு செட்டைக் கேட்டு வாங்கியிருக்க முடியுமா?

அவருக்கும் சும்மா போய்விடவில்லை. ஆடை டீசர் வந்த கையோடு வேறொரு பெரிய படத்திலிருந்து அவரை நீக்கினார்கள். டீசர்தான் காரணம் என்று அவர் பகிரங்கமாக அறிக்கை விட்டார். தயாரிப்புத் தரப்பு வேறு காரணம் சொன்னது. யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் பத்து வருஷ அனுபவமும் தனக்கென்று மார்க்கெட்டும் உள்ளவருக்கே அந்தச் சண்டை வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வடசென்னை படத்தில் படுக்கையறைக் காட்சியில் நடித்த பிறகு அதே மாதிரி வேடங்களாகவே வருகின்றன என்று ஆண்ட்ரியா அலுத்துக்கொண்டதும் பத்திரிகைகளில் வந்தது. பாடகியாகவும் பெயர் வாங்கியவர் அவர்.

இந்தப் பக்கம் ராதிகா ஆப்தே. 2015-இல் அவர் நடித்த ஒரு குறும்படத்திலிருந்து அந்தரங்கக் காட்சி ஒன்று திருட்டுத்தனமாகக் கசிந்து வாட்ஸ்ஆப்பில் சுற்றியது. மறு வருஷம் அதே குறும்படத்துக்காக நியூயார்க்கின் டிரைபெக்கா விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கினார். அதே 2016 ஜூலையில் கபாலி வந்தது, ரஜினியின் மனைவி குமுதவல்லியாக. குடும்பத்தோடு தியேட்டருக்குப் போனவர்கள் யாரும் எழுந்து வெளியே வரவில்லை. தமிழ் ஆடியன்ஸ் ஏற்க மாட்டார்கள் என்று சொல்கிறவர்களிடம் நான் இதைச் சொல்வேன். ஆடியன்ஸ் மறப்பார்கள், மன்னிப்பார்கள், சில சமயம் கவனிக்கவே மாட்டார்கள். வேடத்துக்கு ஆள் தேடுகிற ஆபீஸ்தான் மறப்பதில்லை.

உங்கள் கையில் இப்போது இருப்பது தங்கச்சி வேடமும் மேடையும். சீரிஸ் வர எப்படியும் எட்டு மாதம், ஒரு வருஷம் ஆகும். அதற்குள் இன்னொன்று, சின்னதாக இருந்தாலும் வேறு சாயலில் ஒன்று, முடித்து வையுங்கள். ஷோரீலில், அதாவது வாய்ப்புக் கேட்கக் காட்டுகிற உங்கள் காட்சித் தொகுப்பில், எதை முதலில் வைக்கிறீர்கள் என்பதையும் நீங்களே பாருங்கள், மேனேஜரிடம் விடாதீர்கள். இந்தக் காட்சியை வைத்து அவர் அடுத்த ஆபீஸில் பேச ஆரம்பித்தால் அன்றைக்கே அக்கா சொன்னது பலிக்கத் தொடங்கிவிடும்.

மேனேஜர் பற்றியும் ஒரு வார்த்தை. அட்வான்ஸ் கைமாறினால்தான் அவருக்குக் கமிஷன். "விட்டா வராது" என்பதில் எவ்வளவு உங்கள் நன்மை, எவ்வளவு அவருடைய மாசக் கடைசி என்று எனக்குத் தெரியாது. கெட்டவர் என்று சொல்லவில்லை. அவசரம் அவருடையது, கையெழுத்து உங்களுடையது.

இப்போது அந்த ஒரு பக்கம். "கதைக்குத் தேவையான அனைத்துக் காட்சிகளிலும்" என்ற வரியை நான் பல அக்ரிமெண்ட்டுகளில் பார்த்திருக்கிறேன். மழையில் நனைவதற்கும் மாடு மேய்ப்பதற்கும் எழுதிய வரி அது. "ஸ்பாட்ல எப்படி வருதோ அப்படி" என்று டைரக்டர் சொல்வதோடு அதைச் சேர்த்துப் படித்தால்தான் சிக்கல். எது தேவை என்று முடிவு செய்கிறவர் அவர், எப்போது என்று முடிவு செய்கிறவரும் அவர். நூறு பேர் காத்திருக்கிற செட்டில், லைட் வைத்து, "கொஞ்சம் இன்னும்" என்று கேட்டால் உங்களால் மறுக்க முடியாது. மறுத்தால் நீங்கள் அக்ரிமெண்ட்டை மீறியவர்.

இது பெரிய ஊர்களிலும் நடந்ததுதான். 1972-இல் வந்த 'லாஸ்ட் டேங்கோ இன் பாரிஸ்' படத்தில் மரியா ஷ்னைடர் நடித்தபோது வயது 19. பலாத்காரக் காட்சி ஒன்றில் என்ன நடக்கப் போகிறது என்பதை டைரக்டரும் உடன் நடித்தவரும் பேசி வைத்துக்கொண்டார்கள், அவளிடம் முழுதாகச் சொல்லவில்லை. நடிகையாக இல்லாமல் ஒரு பெண்ணாக அவள் அதிர்ச்சி தனக்கு வேண்டியிருந்தது என்று பிற்காலத்தில் டைரக்டரே ஒப்புக்கொண்டார். அந்த அழுகை நிஜம் என்று மரியா சொன்னார். அதன் பிறகு உடை களையும் வேடங்களை அவர் மறுத்தே வந்தார். உலகம் அவரைக் கடைசிவரை அந்த ஒரு காட்சியை வைத்தே விசாரித்தது. ஷரன் ஸ்டோன் கதை கொஞ்சம் வேறு. 1992-இல் 'பேசிக் இன்ஸ்டிங்க்ட்' விசாரணைக் காட்சியில், உள்ளாடையில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது, கழற்றிவிடு, ஒன்றும் தெரியாது என்று சொல்லி எடுத்ததாக 2021-இல் வந்த தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தெரிந்தது என்பது படத்தைப் போட்டுக்காட்டியபோதுதான் அவருக்குத் தெரியும். வக்கீலைக் கூப்பிட்டிருக்கிறார். தடை வாங்கலாம் என்று வக்கீல் சொல்ல, யோசித்து, இருக்கட்டும் என்று விட்டது அவர் முடிவு. அதற்கு முன்பே பத்து வருஷத்துக்கு மேல் நடித்துக்கொண்டிருந்தவர், மூன்று வருஷத்தில் கேசினோ படத்துக்கு ஆஸ்கர் நாமினேஷன் வாங்கினார். அவர்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டு பேரையும் ஏமாற்றித்தான் எடுத்தார்கள். ஒருவருக்குக் கூப்பிட வக்கீல் இருந்தார், தடுக்க வழி இருந்தது. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு எதுவும் இல்லை.

அமெரிக்காவில் இன்றைக்கு நடிகர் சங்க விதிப்படி, இப்படிப்பட்ட காட்சிக்கு அக்ரிமெண்ட்டோடு தனியாக ஒரு காகிதம் போட வேண்டும். நியூடிட்டி ரைடர் என்பார்கள். நம் ஊரில் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் கேட்கக் கூடாது என்றும் எந்தச் சட்டமும் இல்லை. பம்பாயில் பெரிய கம்பெனிகள் இப்போது இன்டிமசி கோஆர்டினேட்டர் வைக்கிறார்கள். சண்டைக் காட்சிக்கு மாஸ்டர் மாதிரி, எந்தக் கை எங்கே போகும், எந்தத் துணி எங்கே ஒட்டும் என்று முன்கூட்டியே ஒத்திகை பார்த்து வைக்கிற ஆள். 2022-இல் வந்த கெஹ்ரையான் படத்தில் இன்டிமசி டைரக்டர் என்று தார் காய் பெயரையே போட்டார்கள். உங்கள் யூனிட்டுக்கு அந்தச் செலவு தாங்காது என்றால் பரவாயில்லை. ஒரு பெண் உதவி இயக்குநரும் பெண் காஸ்ட்யூமரும் அன்றைக்கு முழு நேரமும் செட்டில் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

நானாக இருந்தால் உங்கள் ரைடரில் என்ன எழுதுவேன்? நாலாவது எபிசோட், இன்ன சீன் நம்பர், தோளிலிருந்து இடுப்பு வரை முதுகு மட்டும். முன்புறமோ பக்கவாட்டோ கிடையாது. தோல் நிற உள்ளுடையோடுதான் எடுப்பது. கேமராமேன், டைரக்டர், ஃபோகஸ் புல்லர், சவுண்ட், அந்தப் பெண் உதவியாளர்கள் தவிர யாரும் உள்ளே இல்லை, போன்கள் வெளியே, மானிட்டர் ஒன்றே ஒன்று. ஸ்டில் போட்டோகிராபர் அன்றைக்கு வரக் கூடாது. கேமரா ஓடுகிற வரை எந்த நிமிஷத்திலும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு, அதற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது. எடிட் ஆனதும் அந்தக் காட்சியை நான் பார்ப்பேன், எழுதியதற்கு மேல் தெரிந்தால் வெட்ட வேண்டும். பயன்படுத்தாத ஷாட்டுகளை ஃபைனல் எடிட் ஆனதும் அழிக்க வேண்டும். சீரிஸ் பாதியில் நின்றால் மொத்தத்தையும் அழிக்க வேண்டும்.

டூப் பற்றியும் ஒரு வரி அவசியம். பாண்டிட் குவீன் படத்தில் பூலான் தேவியை ஊர் நடுவே நிர்வாணமாக்கும் காட்சியில் சீமா பிஸ்வாஸுக்கு டூப் போட்டுத்தான் எடுத்தார்கள். அந்தப் படத்துக்குத்தான் அவருக்குத் தேசிய விருது. 1996-இல் உச்ச நீதிமன்றமே படத்தைத் தடுக்க மறுத்தது. அதே டூப், ஷகிலா விஷயத்தில் வேறு மாதிரி. தனக்குத் தெரியாமல் வேறொரு பெண்ணை வைத்து எடுத்த ஆபாசத் துண்டுக் காட்சிகளைத் தன் படங்களில் சேர்த்தார்கள் என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு வேறு பெண்கூட வேண்டாம், கம்ப்யூட்டர் போதும். ஆகவே "என் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் டூப், கிராபிக்ஸ், ஏஐ எதையும் வைத்து என் உடலைக் காட்டுவதோ மாற்றுவதோ கூடாது" என்று எழுதுங்கள்.

இவை எல்லாவற்றையும் விட நான் அடம் பிடிக்கிற வரி ஒன்று உண்டு. அந்தக் காட்சி அந்த எபிசோடுக்குள் மட்டுமே இருக்க வேண்டும். டீசர், டிரெய்லர், போஸ்டர், யூடியூப் கிளிம்ப்ஸ், இன்ஸ்டா ரீல், முக்கியமாக ஓடிடியில் தலைப்போடு வருகிற சின்னப் படமான தம்ப்நெயில், எதிலும் வரக் கூடாது. என்னிடம் வந்த ஒரு பெண் ஒரு சீரிஸில் விதவைத் தாயாக நன்றாகவே நடித்திருந்தார். அரை நிமிஷ முத்தக் காட்சி ஒன்று. ஆப்பைத் திறந்தால் தம்ப்நெயிலில் அந்த அரை நிமிஷம்தான் இருந்தது. மொத்த எபிசோடையும் பார்த்தவர்களுக்கு அவர் அம்மாவாக மனதில் நின்றார். பார்க்காத ஆயிரக்கணக்கானவர்களுக்கும், அடுத்து ஆள் தேடுகிறவர்களுக்கும் அவர் தம்ப்நெயில்தான். அக்ரிமெண்ட்டில் விளம்பரம் பற்றி ஒரு சொல் இல்லை, அதனால் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பட்டுப்புடவைக் கடை விளம்பரம் ஒன்று பேச்சோடு நின்றுபோனது.

ஏன் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுத வேண்டும் என்றால், பதிப்புரிமைச் சட்டம் 38ஏ பிரிவைப் பாருங்கள். நடிகர் தன் நடிப்பைப் படத்தில் சேர்க்க எழுத்தில் சம்மதித்துவிட்டால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, தயாரிப்பாளர் அதைப் பயன்படுத்துவதை எதிர்க்க முடியாது. அந்த 'வேறு மாதிரி ஒப்பந்தம்' உங்கள் ரைடர்தான். பெயரைக் கெடுக்கும்படி நடிப்பைச் சிதைத்தால் கேட்க 38பி-யில் உரிமை இருக்கிறது. ஆனால் எதற்குச் சம்மதித்தீர்கள் என்று காட்டக் காகிதம் இல்லாமல் சிதைத்ததை நிரூபிப்பது பெரும்பாடு.

எந்த ஓடிடி என்று முடிவாகவில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. தியேட்டர் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் ஒன்று உண்டு, ஓடிடிக்கு அது கிடையாது. ஆபாச உள்ளடக்கம் என்று 2024 மார்ச்சில் 18 ஓடிடி தளங்களையும், 2025 ஜூலையில் 25 தளங்களையும் மத்திய அரசு முடக்கியது. அந்தத் தளங்களில் நடித்தவர்கள் எல்லோரும் அப்படிப்பட்ட இடத்தில் வெளியாகும் என்று தெரிந்தா கையெழுத்துப் போட்டிருப்பார்கள்? எடுத்து முடித்துவிட்டு, பெரிய தளம் எதுவும் வாங்கவில்லை என்றால், கிடைத்த விலைக்கு எவனுக்காவது விற்பார்கள். வாங்குகிறவன் உங்கள் காட்சியை முன்னால் வைத்துத்தான் கடை விரிப்பான். ஆகவே எந்தெந்தத் தளங்களுக்கு விற்கலாம் என்றோ, குறைந்தது, யாருக்கு விற்றாலும் இந்த நிபந்தனைகள் வாங்குகிறவரையும் கட்டுப்படுத்தும் என்றோ எழுதாமல் விடாதீர்கள்.

தணிக்கை ஆன படத்துக்குமே தலைவலி வரும் என்பதற்கு ஸ்வேதா மேனன் சாட்சி. மலையாளத்தில் இரண்டு முறை மாநில அரசின் சிறந்த நடிகை விருது வாங்கியவர். பல வருஷம் முன்பு சான்றிதழோடு ஓடிய படங்களைச் சொல்லி, ஆபாசமாக நடித்தார் என்று 2025 ஆகஸ்டில் கொச்சியில் அவர் மேல் எஃப்ஐஆர் போட்டார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ, ஐந்து வருஷம் வரை சிறை. கேரள உயர் நீதிமன்றம் சில நாளிலேயே அதை நிறுத்தி வைத்தது. அதே மாதம் 'அம்மா' என்கிற மலையாள நடிகர் சங்கத்தின் முதல் பெண் தலைவராக ஜெயித்தார். கவனித்தீர்களா, எழுதியவர், எடுத்தவர், விற்றவர் எல்லாம் இருக்க, புகாரில் நின்றது நடிகையின் பெயர்.

உங்கள் பக்கமும் சட்டம் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவில் ஒரு விளக்கம் உண்டு. அந்தரங்கப் படத்தை எடுக்கச் சம்மதித்த பெண், அதை மற்றவர்களுக்குப் பரப்பச் சம்மதிக்காதபோது பரப்பினால் அது குற்றம். நிர்வாணத்தைக் காட்டும் படமோ மார்ஃபிங் செய்ததோ வந்தால், சம்பந்தப்பட்டவர் புகார் கொடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் அந்தத் தளம் நீக்க வேண்டும் என்று 2026-இல் திருத்தப்பட்ட ஐடி விதிகள் சொல்கின்றன. புகாரை மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலும் பதியலாம். கசிந்தால் முதலில் லிங்க்குகளையும் ஸ்கிரீன்ஷாட்டையும் தேதியோடு சேமியுங்கள், அப்புறம் அழுங்கள்.

சம்பளத்தில் ஒரு நுணுக்கம். டப்பிங்குக்கு முன்னால் பாக்கியை செட்டில் செய்வது நம் ஊர் வழக்கம். நடிகர் கையில் இருக்கிற கடைசிப் பிடி அதுதான். உங்களுக்குத் தமிழ் நன்றாக வரும், மேடையில் பேசியவர். என் குரலை நானே பேசுவேன் என்று அக்ரிமெண்ட்டில் போடுங்கள். அந்தக் காட்சியின் எடிட்டைப் பார்த்துவிட்டுத்தான் டப்பிங் என்றும் சேருங்கள். வேறு குரல் வைத்துக்கொள்ள உரிமை கொடுத்துவிட்டால் அந்தப் பிடியும் போய்விடும்.

டைரக்டரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். போனில் பேசாதீர்கள். வாட்ஸ்ஆப்பில் எழுதுங்கள்: "சார், கதையும் என் கேரக்டரும் ரொம்பப் பிடித்திருக்கிறது. நடிக்க விருப்பம். லுக் டெஸ்டுக்கு வருகிறேன், எபிசோட் 4 காட்சியை ஷூட்டிங்கில் மட்டும் எடுக்கலாம் சார். அந்தக் காட்சியில் எது தெரியும், யார் இருப்பார்கள் என்று என் வக்கீல் ஒரு பக்கம் எழுதித் தருகிறார். நீங்கள் பார்த்துவிட்டுச் சொன்னால் அதோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்." மரியாதையாக இருக்கிறது, மறுக்கவில்லை, எழுத்தில் இருக்கிறது. நல்ல டைரக்டராக இருந்தால் சில இடங்களில் பேரம் பேசுவார். பக்கவாட்டில் நிழலுருவமாக ஒரு சிலுவெட் வேண்டுமே என்று கேட்பார். கேட்கட்டும், அது வேலையைப் பற்றிய பேச்சு. "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால், அல்லது ரைடர் என்றதும் வேறு பெண் இருக்கிறாள் என்றால், அந்த செட்டில் நாலாவது எபிசோட் அன்று என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் 2024 ஆகஸ்டில் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கையைப் படித்தால் உங்கள் ஊகம் சரியா என்று தெரியும். முதலில் ஒன்று சொல்லிவிட்டுப் பிறகு அதற்கு மேல் கேட்பது அதில் பதிவாகியிருக்கிறது.

எல்லை மீறி ஏதாவது நடந்தால் போக இடம் இருக்கிறது. தென்னிந்திய நடிகர் சங்கத்தில் பாலியல் புகார்களுக்குக் கமிட்டி உண்டு. குற்றம் நிரூபணமானால் ஐந்து வருஷம் வேலை செய்யத் தடை என்று 2024 செப்டம்பரில் தீர்மானம் போட்டார்கள். சீரியல் செய்திருப்பதால் சின்னத்திரைச் சங்கத்தில் கார்டு வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள், இல்லையென்றால் இந்த மாதமே விண்ணப்பியுங்கள்.

கடைசியாக அண்ணன். கேரியர் கேள்விதான் கேட்டீர்கள், ஆனால் கடிதத்தின் கடைசி வரிகளில் அவர்தான் நிற்கிறார். ரைடர் கையெழுத்தாகிற வரை சொல்ல வேண்டாம், சொல்வதற்கு அதுவரை ஒன்றும் இல்லை. கையெழுத்தான பிறகு, ஷூட்டிங்குக்கு முன், அம்மாவுக்கு முழுதாகச் சொல்லுங்கள். பாதி தெரிந்த அம்மாதான் அண்ணனிடம் அதிகம் திணறுவார். டீசர் வருவதற்கு முன் அண்ணனிடமும் நீங்களே சொல்லுங்கள். நேரில், ஊருக்குப் போய். அவருடைய நண்பர்கள் யாராவது போனை நீட்டி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. சத்தம் போடுவார், சில மாதம் பேசாமல்கூட இருப்பார். அந்தக் காகிதத்தை அவரிடமும் காட்டுங்கள். முதுகு மட்டும், இத்தனை பேர் மட்டும், இதற்கு மேல் போனால் இன்ன வழக்கு என்று தங்கச்சி எழுதி வாங்கியிருக்கிறாள் என்று பார்த்தபின் சில அண்ணன்கள் குரலை இறக்கியதை என் ஆபீஸிலேயே கண்டிருக்கிறேன். எல்லா அண்ணன்களும் இல்லை.

லுக் டெஸ்டுக்கு முன் அந்த வாட்ஸ்ஆப்புக்கு என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். ரைடரின் மாதிரி ஒன்றைத் தமிழிலேயே தயார் செய்து உங்கள் மெயிலுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சீன் நம்பரை மட்டும் நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.